வேலூரில் இருந்துகொண்டு எழுதிப் பிழைப்பது

எழுதித்தான் சம்பாதிக்கிறேன் என்று வேலூரில் யாரிடம் சொன்னாலும் அடுத்து வருவது "எந்தப் பத்திரிகையில்?" என்ற கேள்விதான். பத்திரிகையில் என் பெயர் எப்போதாவது வருகிறது. அதற்கு வரும் சன்மானம் அந்த மாதத்து மின்கட்டணத்தை அடைத்தாலே பெரிது. வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் என் பெயர் எங்குமே இல்லாத எழுத்திலிருந்து வருகின்றன. ஸ்கேன் சென்டருக்கு வரும் நோயாளிகளுக்கான அறிவுரைத் தாள், தோல் தொழிற்சாலையின் அறிமுகக் கையேடு, கல்லூரியின் ஆண்டறிக்கை, பட்டறைச் சுவரில் ஒட்டும் பாதுகாப்பு விதிகள், அரசு சாரா நிறுவனங்களின் கள அறிக்கைகளுக்குத் தமிழாக்கம் என்று அது பல வடிவங்களில் இருக்கிறது. இவற்றைப் படிப்பவர்கள் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியது என்று நினைத்துப் பார்ப்பதே இல்லை. நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

எழுத்து வேலைக்குச் சென்னைக்குப் போயாக வேண்டும் என்று சொன்னவர்கள் பலர். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் சென்ட்ரல், போய்வருவதும் கடினமில்லை. ஆனால் சென்னையில் எழுதுபவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இங்கே எழுதப்பட வேண்டிய விஷயங்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்து, அதில் வேலூர் மாவட்டம் 2019இல் மறுபடி மூன்றாகப் பிரிந்துவிட்டது. என் வேலைக்கு மட்டும் இன்றும் பழைய மாவட்ட எல்லைதான் எல்லை: ராணிப்பேட்டையில் தோல், ஆம்பூரில் காலணி, குடியாத்தத்தில் லுங்கியும் தீப்பெட்டியும், ஆரணியில் பட்டு, வேலூரில் மருத்துவமும் கல்வியும். இவை ஒவ்வொன்றுக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது. சொல்லத் தெரிந்த ஆள்தான் அங்கே இருப்பதில்லை.

மருத்துவத்திலிருந்தே தொடங்குகிறேன். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையைச் சுற்றித்தான் இன்றைய வேலூரின் மையப் பகுதி பிழைக்கிறது. காந்தி ரோட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் லாட்ஜ், மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், பயண முகவர் என்று அடுத்தடுத்து இருப்பதையும், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்களுக்காக வங்க எழுத்தில் பலகைகள் தொங்குவதையும் ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் வியந்து பார்ப்பார்கள். வங்காளிகளுக்கு எழுதித்தர ஆள் இருக்கிறார்கள். அணைக்கட்டிலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் வருகிறவர்களுக்கு, அவர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதித்தருவதற்குத்தான் ஆள் குறைவு.

ஒரு ஸ்கேன் சென்டர், வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்கான ஆங்கில அறிவுரைத் தாளைத் தமிழாக்கித் தரச் சொன்னது. சொல்லுக்கு இத்தனை ரூபாய் என்று பேச்சு. தாள் ஒரு பக்கம்தான். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். முடித்ததைக் கொடுப்பதற்கு முன்பு, வரவேற்பறையில் காத்திருந்த ஓர் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "வெறும் வயித்தோட வரணும்னு எழுதிக்கீது, அப்புறம் தண்ணி நெறய குடின்னும் எழுதிக்கீது. நான் இன்னாதான் சார் பண்றது?" என்றார். கூடவே, "டீத்தண்ணி சாப்பாட்டுல சேத்தியா இன்னா?" என்றும் கேட்டார். ஆங்கில மூலத்தில் இந்த இரண்டு கேள்விகளுக்குமே பதில் இல்லை. டாக்டருக்குத் தெளிவாக இருந்த விஷயம் தாளுக்கு வரவேயில்லை. பித்தப்பை சரியாகத் தெரிய வயிறு காலியாக இருக்க வேண்டும், அடிவயிற்று உறுப்புகள் தெரியச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, தாளை முதலிலிருந்து எழுதினேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிட வேண்டாம். காபி, டீ, பால், பழச்சாறும் வேண்டாம். வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தண்ணீரை நன்றாகக் குடித்துவிட்டு ஸ்கேன் முடியும்வரை சிறுநீர் கழிக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் முந்தின நாளே எங்களுக்குப் போன் செய்து கேளுங்கள். அவ்வளவுதான். ஒரு பக்கம் கால் பக்கமானது.

கூலியும் கால் பங்கானது. சொல்லுக்கு இத்தனை என்று பேசியிருக்கும்போது, குறைத்து எழுதுவது நம் கையாலேயே நம் கூலியை வெட்டிக்கொள்வதாகும். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த பொழுதுக்கும், டாக்டருக்காகக் காத்திருந்த பொழுதுக்கும் விலைப்பட்டியலில் இடமே கிடையாது. எழுத்துத் தொழிலில் உள்ள கோளாறு என்ன என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: வேலை நடப்பது தெரிந்துகொள்வதில், கூலி கணக்கிடப்படுவது தட்டச்சு செய்ததில்.

சொற்கணக்கு தமிழுக்கு வேறொரு வகையிலும் பொருந்துவதில்லை. ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாக நிற்பது தமிழில் விகுதியும் உருபும் ஏறி ஒரே சொல்லாகிவிடும். "போகவேண்டியிருந்ததாலும்" என்பதைக் கணினி ஒன்று என்றுதான் எண்ணும். எனவே தமிழாக்கத்துக்கு விலை பேசுகிறவர்கள் ஆங்கில மூலத்தின் சொற்களை எண்ணிப் பேச வேண்டும். தமிழில் முடித்ததை எண்ணித் தருகிறேன் என்று வாடிக்கையாளர் சொன்னால் அங்கேயே கணிசமான தொகை போய்விடும். சேர்த்து எழுத வேண்டிய துணைவினைகளையெல்லாம் பிரித்துப் பிரித்து எழுதி எண்ணிக்கையை ஏற்றுகிறவர்களும் இத்தொழிலில் இருக்கிறார்கள். கண்ணுக்கு உறுத்துகிறதே தவிர, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தோல் தொழிலுக்கு எழுதுவது மருத்துவத்துக்கு எழுதுவதைவிடக் கடினம். ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் பதனிடும் ஆலைகளுக்குள் நுழைந்தால் முதலில் முகத்தில் அடிப்பது வாடை. அதற்கு மூக்கு பழகிய பிறகுதான் கண் வேலை செய்யத் தொடங்கும். குரோமியம் உப்பில் பதனிட்டு ஈரத்தோடு நீல நிறத்தில் வெளிவரும் தோலை அங்கே எல்லோரும் வெட் புளூ என்பார்கள்; அது சாயம் ஏறிக் காய்ந்து கிரஸ்ட் ஆகி, மேற்பூச்சும் மெருகும் ஏறி ஃபினிஷ்டு ஆகும். குரோமியம் வருவதற்கு முன்பு இந்தப் பக்கத்தில் ஆவாரம் பட்டை ஊறிய தொட்டிகளில்தான் தோல் பதமானது. இதெல்லாம் தெரியாமல் "பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் நிறுவனம்" என்று எழுதித்தருவது எளிது. அப்படி எழுதிய கையேடுகள் எல்லா ஆலை அலுவலகத்திலும் அடுக்கியிருக்கின்றன. ஒன்றின் அட்டையை இன்னொன்றுக்கு மாட்டினாலும் வித்தியாசம் தெரியாது. தோல் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியது வேறு. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் எத்தனை ஓடுகிறது, கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா சொந்த நிலையத்துக்கா, தண்ணீரில் எவ்வளவு மீண்டும் பயனாகிறது என்பதையெல்லாம் அவர் கேட்பார். அந்தக் கணக்கை மேஸ்திரியிடமிருந்து வாங்குவதற்குள் ஒரு பகல் போய்விடும்.

இங்கேதான் சொந்த வலைப்பதிவுக்கும் கூலி எழுத்துக்கும் மோதல் வருகிறது. இந்த ஆலைகளின் கழிவால் மாசுபட்ட பாலாற்றைப் பற்றி என் பதிவில் எழுதாமல் என்னால் இருக்க முடியாது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது; ஒவ்வொரு பதனிடும் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் நாடு முழுவதும் இந்த ஊரின் பெயரை அந்த வழக்கால்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். இதே பாலாற்று மாசு தொடர்பாக 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தருவதையும் அதைக் கண்காணிக்கக் குழு அமைப்பதையும் மறுபடி வலியுறுத்த வேண்டியிருந்தது. இதை எழுதும் அதே கை ஆலைக்குக் கையேடும் எழுதலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எழுதலாம் என்பதே என் முடிவு, ஒரு நிபந்தனையோடு: ஆலை செய்கிறதை எழுதுவேன், செய்யாததை எழுத மாட்டேன். சுத்திகரிப்பு நிலையத்தை நேரில் காட்டாத ஒருவர் "இயற்கையோடு இயைந்த உற்பத்தி" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை. அவர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். அந்த வரி இப்போது அவருடைய கையேட்டில் இருக்கிறது.

இன்னொரு வகையினரையும் மறுத்துவிடுகிறேன். சர்க்கரை நோயை முற்றிலும் குணமாக்கும் சூரணம் என்று கட்டுரை கேட்டு வருகிறவர்கள் அவர்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், குறிப்பிட்ட சில நோய்களுக்குக் குணம் தருவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. சர்க்கரை நோயும் புற்றுநோயும் அந்தப் பட்டியலில் உள்ளன. கட்டுரை என்று பெயர் வைத்தாலும் கடைசி வரியில் போன் எண் இருந்தால் அது விளம்பரம்தான்.

இனிக் கணக்குப் பக்கம். இதை யாரும் எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணம் என்று தருவதில் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் தருவது 30,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்தம் என்று இருந்த வரம்பு 2025 ஏப்ரல் முதல் 50,000 ரூபாய் ஆயிற்று. பான் எண் தராவிட்டால் பிடித்தம் 20 சதவீதமாகும். பிடித்ததை அவர்கள் அரசுக்குக் கட்டினார்களா என்பதை வருமான வரித் தளத்தில் நம் கணக்கைத் திறந்து, வரிப் பிடித்தத்தைக் காட்டும் படிவத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்களும் கணக்குத் தாக்கல் செய்தால்தான் பிடித்த பணம் திரும்பி வரும். எழுதுகிறவர்களில் பலர் இந்தப் பணத்தைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். வங்கியில் வீட்டுக் கடன் கேட்கப் போகும்போதும், சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு இந்தத் தாக்கல்தான் முக்கிய ஆதாரம்.

வாங்க வேண்டிய பணம் வருவதுதான் பெரும்பாடு. ஓர் இடைத்தரகு நிறுவனம் நீண்டதொரு தமிழாக்கத்தை முடித்துக்கொடுத்த பிறகு "அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டோம் சார்" என்பதையே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைப் பற்றிப் படித்தேன். 2020 ஜூலையில் வந்த இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது; ஆதாரும் பானும் போதும்; தனி ஆளாகச் சேவைத் தொழில் செய்பவரும் குறுந்தொழிலாகப் பதியலாம். பதிந்துகொண்டவருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் பொருந்தும். அதன்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். போதாததற்கு, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும்வரை நிறுவனம் தன் செலவுக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்று 2023–24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது. நான் யார்மேலும் வழக்குப் போடவில்லை. ரசீதின் அடியில் உத்யம் எண்ணையும் இந்தச் சட்டத்தின் பெயரையும் ஒரு வரியில் அச்சிடுகிறேன். ஆடிட்டர் அந்த வரியைப் படிப்பார்; முதலாளி நம்மை மதிக்காவிட்டாலும் ஆடிட்டரை மதிப்பார்.

பதிப்புரிமையிலும் இதே நிலைதான். "காசு கொடுத்துவிட்டோம், எழுத்து எங்களுடையது" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதியதுதான் தானாகவே முதலாளிக்குச் சேரும். வெளியிலிருந்து எழுதித்தருபவரின் எழுத்து, அவர் கையெழுத்திட்டு எழுத்துமூலம் மாற்றித் தராதவரை அவருடையதே. மாற்றித் தரும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்பது சட்டம் வகுத்த வரம்பு. ஸ்கேன் சென்டர் தாளுக்காக இதைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு தொழிலதிபரின் வாழ்க்கை வரலாற்றை அவர் பெயரிலேயே எழுதித்தரும்போது தெரிந்திருக்க வேண்டியது அவசியம். எனக்கு அந்த ஒரு வேலையில்தான் கணிசமான பணம் வந்தது, அதற்குக் காரணம் உரிமையை மாற்றித்தருவதற்குத் தனியாக விலை வைத்ததுதான்.

வலைப்பதிவில் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கலாமே என்று இன்னும் கேட்கிறார்கள். கூகுள் ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை முறையாக ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் எண் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஆர்வம் தீர்ந்துபோன பதிவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் நடந்த சிப்பாய் எழுச்சியைப் பற்றி மாதக்கணக்கில் படித்து எழுதிய நீண்ட கட்டுரையை, ஆண்டுதோறும் அந்தத் தேதியை ஒட்டி மட்டும் சிலர் வந்து பார்க்கிறார்கள். சிகிச்சைக்கு வருகிறவர்கள் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படிப் போவது, லாட்ஜில் அறை எடுப்பதற்கு முன்பு என்னென்ன கேட்க வேண்டும், சமையலறையோடு கூடிய அறை யாருக்குத் தேவை என்று ஒரு மாலையில் எழுதியதைத் தருமபுரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் நாள்தோறும் யாரோ படிக்கிறார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஸ்கேன் சென்டர்காரர் என்னைக் கூப்பிட்டது அந்த லாட்ஜ் பதிவைப் படித்துவிட்டுத்தான். விளம்பரத்தில் வந்த பணம் டீச் செலவுக்கு; பதிவைப் படித்துவிட்டு வந்த வேலைகள்தான் குடும்பத்தை நடத்துகின்றன.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு என் வேலையில் ஒரு பகுதி சுத்தமாக நின்றுபோயிற்று. எந்த ஊரிலிருந்தும் எழுதக்கூடிய, யாரையும் கேட்காமல் இணையத்தைப் பார்த்தே எழுதிய கட்டுரைகள் அவை. அவற்றை இழந்ததில் பணநஷ்டம் உண்டு, மனநஷ்டம் இல்லை. இப்போது "ஏற்கெனவே எழுதிவிட்டோம், லேசாகத் திருத்திக் கொடுங்கள்" என்று அனுப்புகிறார்கள், முன்பு தந்ததில் ஒரு பகுதியைக் கூலியாகச் சொல்கிறார்கள். அப்படி வந்த ஒரு தாளில் "பரிசோதனைக்கு முன் போதிய அளவு நீர் அருந்தவும்" என்று இருந்தது. வாக்கியத்தில் பிழையே இல்லை. எவ்வளவு, எப்போது, எதுவரை அடக்கிக்கொண்டிருப்பது என்பது மட்டும் இல்லை. அதைத் திருத்த மறுபடியும் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார வேண்டும், மறுபடியும் வரவேற்பறையில் யாரிடமாவது படித்துக் காட்ட வேண்டும். இயந்திரம் மிச்சப்படுத்தியது நான் அரை மணி நேரத்தில் முடிக்கும் தட்டச்சு வேலையைத்தான். லேசான திருத்தம் என்ற பெயரில் வரும் வேலையை இப்போது வாங்குவதில்லை. புதிதாக எழுதுவதற்கான விலையைச் சொல்கிறேன், பாதிப்பேர் போய்விடுகிறார்கள்.

இதனால் விலைப்புள்ளி போடும் முறையையே மாற்றிவிட்டேன். சொற்கணக்கை எடுத்துவிட்டு, முதல் வரியில் "நேரில் பார்த்து விசாரிப்பதற்கு" என்று ஒரு தொகை, அதன் கீழே எழுதுவதற்கு ஒரு தொகை, இரண்டு முறைக்கு மேல் மாற்றச் சொன்னால் அதற்குத் தனி, பாதி முன்பணம். அண்மையில் குடியாத்தத்தில் லுங்கி நெய்து வெளியூருக்கு அனுப்பும் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுப் போனில் கேட்டார்: "எழுதறதுக்குக் காசு சரி சார். வந்து பாக்கறதுக்குமா காசு?" பாவு ஓடுவதிலிருந்து மடித்துக் கட்டுவதுவரை பார்க்காமல் உங்கள் லுங்கிக்கும் பக்கத்துக் கடை லுங்கிக்கும் என்ன வித்தியாசம் என்று நான் எப்படி எழுதுவது என்றேன். அவர் அந்த முதல் வரியில் பேரம் பேசிப் பாதியைக் குறைத்தார். எழுதும் கூலியில் கை வைக்கவில்லை. முன்பணம் வந்துவிட்டது. தறி நிற்காத நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்.